காப்பகத்துக்குள் போகலாமா, கூடாதா

அனுப்புநர்
வெர்லீன் ஒக்டேவியா ஸ்டர்லிங்
(தங்கள் கோப்பில் இதுவரை 'திரு. பீட்டர் க்ரே'),
ஸ்டர்லிங் விருந்தினர் அறை, தெற்குத் துறை,
சின்ன மாரோ தீவு.

பெறுநர்
தகவல் ஆணையர் அவர்கள்,
தகவல் ஆணையர் அலுவலகம்,
பெரிய மாரோ தீவு.

பொருள்: தெற்குத் துறை புயல் காப்பகத்தின் கூரை குறித்த பொறியாளர் அறிக்கை மறுக்கப்பட்டது – மறுபரிசீலனைக் கெடு தவறியதைப் பொறுத்தருள வேண்டுவது – அடுத்த புயலுக்கு முன் பதில் கோருவது – தொடர்பாக.

பார்வை: (1) பீட்டர் க்ரே என்பவர் கடந்த மே மாதம் அனுப்பிய விண்ணப்பம். (2) அதற்கு அளிக்கப்பட்டதும் நான் இன்னும் கையில் வாங்காததுமான பதில்.

மதிப்பிற்குரிய ஆணையர் ஐயா,

1. நான் இந்தத் தீவின் ஒரே தங்கும் விடுதியை நடத்துகிறேன். விடுதி என்பது ஓர் அறை. தீவில் என்னை 'மிஸ் டெட்டி' என்பார்கள்; மணமானாலும் இங்கே பெண்கள் எல்லோரும் 'மிஸ்'தான். என் கணவர் கிளீவ் கப்பல் எஞ்சின் அறைகளில் வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். இப்போது ஆக்சிஜன் இயந்திரத்தின் உதவியால் மூச்சுவிடுகிறார். மின்சாரம் நின்றால் சிலிண்டர். சிலிண்டர் தீர்ந்தால் காப்பகத்தில் உள்ள ஜெனரேட்டர். ஆகவே புயல் வரும்போது மற்றவர்கள் காப்பகத்துக்குப் போவதா, வீட்டிலேயே இருப்பதா என்று யோசிக்கலாம். எங்களுக்கு அந்த யோசனை இல்லை. அந்தக் கூரை எங்கள் தலைமேல் நிற்குமா என்பது மட்டுமே எனக்குத் தெரிய வேண்டும். இதில் அரசியல் எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் இவ்வளவு சிறிய தீவில் அதை வைத்துக்கொள்ள இடமில்லை.

2. கடந்த ஏப்ரலில் அரசு ஒரு பொறியாளரை அனுப்பிக் காப்பகத்தைப் பார்வையிடச் சொன்னது. அவர் என் விடுதியில் தங்கினார். முதல் நாள் காலை உப்புமீனும் வறுத்த சீமைப்பலாவும் இரண்டு முறை கேட்டுச் சாப்பிட்டார். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாயங்காலம் வரை கூரைமேல் இருந்தார். மறுநாள் காலை தட்டைத் தொடவில்லை. அன்று எங்களுக்குள் நடந்த பேச்சைச் சொல்லுக்குச் சொல் கீழே தருகிறேன்.

"புயல் வந்தா நீங்க எங்கம்மா போவீங்க?"

"எல்லாரும் போற இடத்துக்குத்தான் சார். காப்பகத்துக்கு."

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். கிளீவின் மூக்கிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பெரிய தீவுல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லியா?"

"இருக்காங்க. ஏன் சார்?"

"சும்மாதான் கேட்டேன்."

மூன்று நாள் தங்க வந்தவர் அன்றைய விமானத்திலேயே புறப்பட்டுவிட்டார். பயணப்படி தீரும் முன் ஊருக்குத் திரும்பிய அரசு அலுவலரை என் விடுதியில் நான் அதுவரை பார்த்ததில்லை. என் பயம் அன்று தொடங்கியது.

3. அறிக்கை வந்து சேர்ந்தது. அதைப் பெற்றுக்கொண்டவர் எங்கள் வட்டார ஆணையர் கேப்டன் லின்வுட். காப்பகத்தைக் கட்டியது அவருடைய தம்பியின் நிறுவனம். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் அளவுள்ள தீவில் யாருக்கும் தம்பியாக இல்லாத ஒப்பந்தக்காரர் கிடைப்பது கடினம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே நின்றபோது அவரிடமே கேட்டேன்.

"கேப்டன், கூரையைப் பத்தி என்ன எழுதியிருக்காங்களாம்?"

"எழுதறவன் எழுதிக்கிட்டுத்தான் இருப்பான், மிஸ் டெட்டி. கூரை காயிதத்துல இல்ல, சுவத்து மேல இருக்கு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்புதான் மற்றவர்களுடையதைவிடச் சத்தமாக இருந்தது என்று கிளீவ் பிறகு சொன்னார்.

4. அதற்கு முந்தைய ஆண்டு தங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, அதே காப்பகத்தில் திரை கட்டிப் படம் காட்டி, தகவல் அறியும் சட்டத்தை எங்களுக்கு விளக்கினார்கள். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது, சொந்தப் பெயரில்கூடக் கேட்க வேண்டியதில்லை என்றார்கள். நாங்கள் கைதட்டினோம். பிறகு சாண்ட்விச் கொடுத்தார்கள். மற்றவர்கள் சாண்ட்விச்சை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் சட்டத்தையும் நம்பிவிட்டேன்.

பெண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகப் பீட்டர் என்ற பெயரையும், தீவில் அந்தக் குடும்பம் இல்லை என்பதால் க்ரே என்ற பெயரையும் தேர்ந்தெடுத்தேன். வடக்குத் துறையில் மீன்பிடிக்கும் பீட்டரை மறந்துபோனேன். தான் அவனில்லை என்று அவர் தேவாலயத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

5. இங்கே தகவல் அலுவலர் திரு. ஆல்டன் ரீவ். சுங்கம், பிறப்பு இறப்புப் பதிவு, கப்பல் சரக்கு ஆகியவையும் அவர் பொறுப்பே. நேர்மையானவர். விண்ணப்பதாரர் யாரென்பதைக் காக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால் அவர் அதை அப்படியே காத்தார். பதிலை ஓர் உறையில் இட்டு, 'திரு. பீட்டர் க்ரே' என்று பெரிய எழுத்தில் எழுதி, தபால் நிலையத்தில் சேர்த்தார்.

எங்கள் தீவில் கடிதம் வீடு தேடி வராது. நாங்கள்தான் போய் வாங்க வேண்டும். யாரும் கேட்டு வராத கடிதங்களைத் தபால் அலுவலரான மிஸ் ஆர்டித் சன்னல் கண்ணாடியில் சாய்த்து வைப்பது வழக்கம். அவர் ஆல்டனின் மனைவி. அவரும் வழக்கத்தை மீறவில்லை. பீட்டர் க்ரேயின் உறை சன்னலில் நின்றது.

அன்று முதல் தீவில் ஸ்டாம்ப் வாங்குவதைவிட முக்கியமான வேலை யாருக்கும் இருக்கவில்லை. வாசலில் பெஞ்சு போடப்பட்டது. துறைமுகத்தில் டோமினோ ஆடும் மேசையும் அங்கே வந்துவிட்டது. கிளீவின் மருந்துப் பொட்டலத்தை வாங்கப் போனபோது என் காதில் விழுந்தது இது:

"யாருய்யா இந்தப் பீட்டர் க்ரே?"

"வருவான். எத்தினி நாளைக்குத்தான் தாங்குவான்? நீ காயைப் போடு."

"கேப்டனோட சோத்தைத் தின்னுட்டு கேப்டன் மேலயே மனு போட்டிருக்கான்."

"இந்தத் தீவுல அவர் சோத்தைத் தின்னாதவன் யாரு? அப்படிப் பாத்தா எல்லாரும்தான் பீட்டர் க்ரே."

"பாத்துப் பேசு. நீயா இருக்கப் போற."

மிஸ் ஆர்டித் பொட்டலத்தை என்னிடம் தந்து, "வேற ஏதாச்சும் வேணுமா, மிஸ் டெட்டி?" என்று கேட்டார். உறை என் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது.

"ஒரு ஸ்டாம்ப் குடுங்க" என்றேன்.

இப்படியே ஒவ்வொரு முறையும் நடந்தது. நான் யாருக்கும் கடிதம் எழுதுகிறவள் இல்லை. என்னிடம் இப்போது ஏராளமான ஸ்டாம்புகள் உள்ளன. முப்பது நாளுக்குள் கேட்க வேண்டிய மறுபரிசீலனையை நான் கேட்காததற்குக் காரணம் இதுதான். நோய்க்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் சட்டம் விலக்கு அளிக்கிறது. பயத்துக்கு ஏதாவது பிரிவு உண்டா என்று தேடினேன். இல்லை.

6. உறையைப் பிரிக்காமலே அதில் இருப்பதை நான் அறிந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஜூலையில் ஒரு பிற்பகல் ஆல்டன் என் வாசலுக்கு வந்தார். தன் மரத்துச் சீமைப்பலா ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அவர் என்னை மிரட்டவில்லை. இதைத் தாங்கள் அப்படியே பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

"யாரோ ஒருத்தர் அறிக்கை கேட்டிருக்காங்க, மிஸ் டெட்டி. யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் கூடாது, சட்டம்."

"சரிதான் ஆல்டன்."

"அந்த யாரோவை நீங்க பாத்தா சொல்லுங்க. தர முடியாதுன்னு எழுதியிருக்கேன். வெளிய விட்டா ஜனங்க பீதியாயிடுவாங்கன்னு காரணம் போட்டிருக்கேன்."

"பாத்தா சொல்றேன்."

"மறுபடியும் பரிசீலிக்கச் சொல்லி அவங்க கேட்டாலும் எங்கிட்டதான் வரும். நானேதான் பாக்கணும். அன்னிக்கு வேற நாற்காலியில உக்காந்து பாப்பேன். ஆனா ஆளு நாந்தான்."

"புரியுது."

"கிளீவுக்குச் சிலிண்டர் இந்த மாசக் கப்பல்லதான வருது?"

"ஆமா."

"அந்தச் சீட்டுலயும் கையெழுத்து நாந்தான் போடணும். எனக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தி. ஞாபகப்படுத்துங்க."

சீமைப்பலாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மாதக் கப்பலில் சிலிண்டர்கள் குறையில்லாமல் வந்தன. அதற்குப் பிறகும் வந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கப்பலுக்கும், அவை தரையிறங்கும்வரை நான் துறைமுகத்தில் நிற்கிறேன். இது முன்பு எனக்கு இல்லாத பழக்கம்.

கூரை நன்றாக இருக்கிறது என்று ஓர் அறிக்கை சொன்னால் அதைப் படித்து யார் பீதியடைவார்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அறிக்கையைத் தர மறுத்த காரணத்திலேயே அறிக்கையின் சுருக்கத்தை அவர் இலவசமாகத் தந்துவிட்டார்.

7. அந்த வாரம் முதல் எங்கள் வீட்டுக்கு மரவள்ளிக் கேக் வரத் தொடங்கியது. பெரிய தீவில் இப்போது இந்த வழக்கம் உண்டோ என்னவோ, இங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அக்கம்பக்கத்தார் மரவள்ளிக் கேக் செய்து கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் யாரும் இறக்கவில்லை. ஆனாலும் வந்தார்கள், வைத்தார்கள், உட்கார்ந்தார்கள், கிளீவின் இயந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டார்கள், போனார்கள். யாரும் யாரையும் அனுப்பியிருக்க மாட்டார்கள். சிறிய இடங்களில் அதற்கெல்லாம் ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

மூன்றாவது வீட்டார் போனதும் கிளீவ் கேட்டார்: "நான் செத்துட்டேனா டெட்டி? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

பிறகு ஒரு துண்டு வெட்டித் தரச் சொன்னார். நான் வெட்டித் தந்தேன்.

8. செப்டம்பரில் புயல் எச்சரிக்கை வந்தது. விடிந்ததும் கேப்டனின் வண்டி ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாக வந்து எல்லோரையும் காப்பகத்துக்குப் போகச் சொன்னது. போனோம். கிளீவை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். சிலிண்டரை நான் இழுத்து வந்தேன். டோமினோ ஆடியவர்கள், கேக் கொண்டுவந்தவர்கள், வடக்குத் துறை பீட்டர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். மிஸ் ஆர்டித் தன் மகளின் கைக்குழந்தையோடு காப்பிப் பானையைக் கவனித்துக்கொண்டிருந்தார். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு எல்லோருக்கும் ஊற்றினார்.

நான் கூரையைத்தான் பார்க்க நினைத்தேன். ஆனால் பார்த்தது வேறு. யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப் போய், யார் இல்லை என்பது கண்ணில் பட்டது.

கேப்டனின் மனைவி இல்லை. பல் வைத்தியரிடம் பல்லைக் காட்ட வேண்டும் என்று முந்திய நாள் விமானத்தில் நாயோடு பெரிய தீவுக்குப் போயிருந்தார். கேப்டனின் தம்பி இல்லை. படகைப் பத்திரப்படுத்தப் போனவர் மனைவி மக்களையும் அதில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். கேப்டன், கடமையின் பொருட்டு, விமான நிலையத்தின் கருங்கல் கட்டிடத்தில் இருந்தார். ஆல்டன், அவரும் கடமையின் பொருட்டு, சுங்கச் சாவடியின் கான்கிரீட் அறையில் இருந்தார். அறிக்கையைப் படிக்கும் வாய்ப்புள்ளவர்கள் என்று இந்தத் தீவில் நான் எண்ணக்கூடியவர்கள் இவ்வளவுதான். அந்தக் கூரையின்கீழ் இருந்த நாங்கள் எல்லோரும் அதைப் படிக்காதவர்கள்.

காற்று வலுத்தபோது ஆல்டன் மழையில் நனைந்தபடி காப்பகத்துக்குள் வந்தார்.

"ஆர்டித், பாப்பாவையும் தூக்கிக்கிட்டு ஆபீசுக்கு வந்துடேன். அங்க தனியா இருக்கேன்."

"கல்யாணமாயி இத்தினி வருஷம் கழிச்சு இப்பத்தான் உனக்குத் தனிமை தெரியுதா? போய்யா, காப்பி ஊத்தணும்."

காப்பகம் முழுக்கச் சிரித்தது. ஆல்டனும் சிரிக்க முயன்றார். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து மூன்றாவது உத்திரம் சுவரில் சேரும் இடத்தைப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் எதைப் பார்த்தார் என்று நான் ஒருத்திதான் பார்த்தேன். அந்த இடம் என் தலைக்கு நேர் மேலே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்தார். இந்த முறை வாசலைத் தாண்டவில்லை. "ஆர்டித், சொன்னாக் கேளு" என்றார்.

"என்னய்யா ஆச்சு உனக்கு?"

அவர் வாயைத் திறந்தார். அவருக்கு எதிரே தீவே உட்கார்ந்திருந்தது. "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தங்கள் சட்டத்தின்படி எனக்குக் கிடைக்க வேண்டிய தகவல் அந்த ஒரு சொல்லில் எனக்குக் கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். நான் கிளீவின் நாற்காலியைச் சுவர் ஓரத்திலிருந்து நகர்த்தினேன். "ஏன் டெட்டி?" என்று கேட்டார். ஒழுகுகிறது என்றேன். ஒழுகவில்லை. குழந்தையை இறக்கி வைக்க இடமில்லாமல் மடியிலேயே வைத்திருந்தேன். பிற்பகலில் கூரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கப்பல் கரைதட்டும் சத்தம் போல இருந்தது என்று கிளீவ் சொன்னார். அவருக்கு அது தெரியும். மக்கள் தோத்திரப் பாட்டை உரக்கப் பாடினார்கள். நான் குழந்தையின் தலைமேல் கையை வைத்து மூடிக்கொண்டேன்.

புயல் தெற்கே விலகிப் போனது. காப்பகம் சோதனையில் தேறிவிட்டதாகவும், வீண் சந்தேகம் கிளப்பியவர்கள் வெட்கப்பட வேண்டும் என்றும் கேப்டன் மறுநாள் ஒலிபெருக்கியில் அறிவித்தார். கூரை தேறவில்லை ஐயா, புயல் பரீட்சைக்கு வரவில்லை.

9. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தங்களிடம் வேண்டுகிறேன்.

பீட்டர் க்ரேயும் நானும் ஒருவரே என்று ஏற்று, கெடு தவறியதைப் பொறுத்து, என் மேல்முறையீட்டைத் தாங்களே விசாரிக்க வேண்டும். இங்கே திருப்பி அனுப்ப வேண்டாம். இங்கே எத்தனை நாற்காலி போட்டாலும் உட்காருகிறவர் ஒருவரே.

முழு அறிக்கையையும் தருவதில் சிரமம் இருந்தால் எனக்கு அது வேண்டாம். கட்டியவர் பெயர் வேண்டாம். யார்மீதும் நடவடிக்கை வேண்டாம். அவர்கள் எல்லோரும் எனக்கு ஏதோ ஒரு வழியில் உறவினர்கள், நாளைக்கும் நான் அவர்களிடம்தான் அரிசி வாங்க வேண்டும். காப்பகத்துக்குள் போகலாமா, கூடாதா என்ற ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அதையும் உறையில் இட்டு அனுப்ப வேண்டாம். காப்பகத்தின் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். கூடாது என்றால், சுங்கச் சாவடியின் கான்கிரீட் அறையை மக்களுக்குத் திறந்துவிட ஆணையிடுங்கள். அங்கே ஜெனரேட்டர் இருக்கிறது. இடமும் இருக்கிறது, புயல் அன்று ஒருவர் தனியாக இருக்கும் அளவுக்கு.

சிலிண்டர் சரக்குச் சீட்டில் கையெழுத்திடும் பொறுப்பை இந்த மனு முடியும்வரையாவது பெரிய தீவு மருத்துவமனைக்கு மாற்றித் தர வேண்டும். ஆல்டன் மறப்பார் என்று நான் சொல்லவில்லை. அவர் மறக்கும்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகக் கேட்கிறேன்.

10. சொந்தப் பெயரில் எழுதுவதால் நான் துணிந்துவிட்டதாகத் தாங்கள் எண்ண வேண்டாம். என்னிடம் இரண்டு பயங்கள் இருந்தன. பெரியதைப் பார்த்துச் சிறியது வழிவிட்டிருக்கிறது, அவ்வளவே. கிழக்கே ஒரு காற்றழுத்தம் உருவாகியிருப்பதாக இன்று காலை வானொலி சொன்னது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

11. இந்த மனு தபால் நிலையத்தின் வழியாகத்தான் தங்களிடம் வந்து சேர வேண்டும். வேறு வழி கிடையாது. நான் உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். இருந்தாலும் வழியில் யாராவது பிரித்துப் படித்திருந்தால் அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. மிஸ் ஆர்டித், அப்படிப் படித்தவர் நீங்களாக இருந்தால், எட்டாம் பத்தியை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். படித்துவிட்டு ஆல்டனிடம் எதுவும் கேட்க வேண்டாம். அவரால் சொல்ல முடியாது. உறையைத் திரும்ப ஒட்டி வெள்ளிக்கிழமை விமானத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை குழந்தையை அந்தக் கூரையின்கீழ் கொண்டுவந்து என் மடியில் போடாதீர்கள்.

விரைந்த பதிலை எதிர்நோக்கியிருக்கும்,

(ஒப்பம்) வெர்லீன் ஒக்டேவியா ஸ்டர்லிங்

இடம்: தெற்குத் துறை, சின்ன மாரோ தீவு
நாள்: அக்டோபர் 3, செவ்வாய்க்கிழமை